ஏற்காடு மலையிலும் திருமணிமுத்தாறு ஓரத்திலும்: மழைநாளில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மலைக்கிராமத் தன்னார்வலர்:
ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் மண் சரிந்து நம் ஏற்காடு மலைப்பாதை என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம்தான் மலைக்கிராமங்களில் பேரிடர் முன்தயாரிப்புப் பயிற்சிக்குப் போனோம். நாகலூர்ப் பக்கம் ஓர் ஊரில் கோயில் வாசலில் கோலமாவால் ஊர்ப்படம் போடச் சொன்னோம். வீடு, ஓடை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் வந்தது. முடிகிற நேரத்தில் ஒரு பாட்டி எழுந்து வந்து, மேல்சரிவில் ஓரிடத்தில் வெற்றிலைக் காம்பை வைத்தார்.

"இங்க ஊத்து இருக்கு கண்ணு. எத்தன மழை பேஞ்சாலும் தெளிஞ்ச தண்ணிதான் வரும். செம்மண்ணா கலங்கி வந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி கீழ்வளவுல யாரும் படுக்க மாட்டோம்."

ஊற்று திடீரென்று கலங்குவது, மண் உள்ளே நகரத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறி. மண் சரிவைப் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் எங்களிடம் கொடுத்திருந்த படிவத்தில் 'மழை அளவு', 'அறிவிப்பு வந்த நேரம்' என்று இரண்டே கட்டங்கள். பாட்டி சொன்னதை ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். தட்டச்சாகி வந்த அறிக்கையில் அந்த வரி இல்லை. இன்னும் உறுத்துகிறது.

அம்மாபேட்டைத் தறி:
உங்களுக்காவது மேலே ஊற்று இருக்கிறது. எங்களுக்கு அடையாளமே இல்லை. அன்றைக்குச் சேலம் அம்மாபேட்டையில், திருமணிமுத்தாறு ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் மழை விட்டிருந்தது, பிள்ளைகள் வெளியே நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமாவுடையது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று காலை எடுத்தார். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குழிக்குள்ளிருந்து ஊறி மேலே வந்தது. நாங்கள் நாலு பேர் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பட்டுப் பாவு, அவருக்குச் சொந்தமானதுகூட இல்லை. கூலிக்கு நெய்கிறவர்.

மலையில் கொட்டியது ஆற்றில் இறங்கி எங்களிடம் வர நேரம் ஆகும் அல்லவா? அந்த நேரத்தை எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். செல்போனுக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மாமா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இத்தனை சென்டிமீட்டர்னு போட்டிருக்கே, என் குழிக்கு வருமா வராதா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காப்பித்தோட்டம்:
தன்னார்வலர் தம்பி, பாட்டி சொன்னது உண்மைதான். ஆனால் ஊற்றைப் பார்த்து ஓடுவது கடைசிக் கட்டம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். குப்பனூர்ப் பாதையில் ஒரு வளைவில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக ரோட்டுப் பக்கம் சாய்ந்து நின்றன. வேரோடு விழவில்லை, மண்ணோடு சேர்ந்து சாய்ந்திருந்தன. அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் கெட்டிப் பாறைக்கு மேல் ஆழமான செம்மண். தண்ணீர் குடித்துக் கனத்தால் அது பாறை மேல் வழுக்கும். ஜேசிபியை வைத்துச் சரிவைச் சுவர் மாதிரி நேராக வெட்டி வீடோ விடுதியோ கட்டினால் அடிப்பிடிப்பு போய்விடும். வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் படிப்படியாக வெட்டுங்கள். தடுப்புச்சுவர் கட்டினால் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். வெட்டிவேர் நடுங்கள், ஆழமாக வேர் விட்டு மேல்மண்ணைப் பிடிக்கும். ஆனால் அதை நம்பி வடிகாலை மறந்துவிடாதீர்கள். பாதைக்கு அடியில் போகும் சிறு பாலங்களில் சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும், அந்த வழி உங்கள் வீடாக இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஊர் கூடி இவற்றைத் தூர்வார வேண்டும். முன்பு தோட்டத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். இப்போது ஆளும் இல்லை, கேட்பாரும் இல்லை.

மலைக்கிராமத் தன்னார்வலர்:
ஐயா, எல்லாம் சரி. ஆனால் சரிவை வெட்டியது அந்தப் பாட்டியின் ஊர்க்காரர்கள் இல்லை. அவர்கள் கீழ்வளவில் குடியிருக்கிறார்கள், வெட்டு மேலே வேறு யாருடைய நிலத்திலோ நடக்கிறது. உங்கள் யோசனையை அவர்களிடம் சொல்லி என்ன பயன்? ராத்திரியில் எங்கே போய்ப் படுப்பது, படுக்கையாகக் கிடக்கிற பெரியவரை யார் தூக்குவது, இதைத்தான் அவர்கள் என்னிடம் கேட்டார்கள்.

கன்னங்குறிச்சி:
அம்மாபேட்டைக்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாமாவுக்குச் சென்டிமீட்டர் உதவாது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் அதே புயலில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அந்த எண்ணைக் கேட்டு அவர் என்ன முடிவு எடுக்க முடியும்? மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு மூக்கனேரி நிரம்பி வழிந்து கோடி போவது கண்ணுக்குத் தெரியும். மேலே ஓடை செந்நிறமாக இறங்குவதும் தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077க்குச் சொல்வோம், உங்கள் தெருவுக்கும் நேராகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பக்கம் ராத்திரியிலும் போனை எடுக்கிற ரெண்டு பேர் வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. யார் என்று முடிவு செய்து எனக்குத் தனியாக எழுதுங்கள், எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம்.

அம்மாபேட்டைத் தறி:
என் தங்கை ஒருத்தி. இன்னொருவர் மாமாவின் மகன், ராத்திரி ஷிஃப்டில் விசைத்தறி ஓட்டுகிறவன், விழித்துத்தான் இருப்பான். இன்றைக்கே எழுதுகிறேன்.