பூக்கன்றுக்கு வைரஸ் ஏற்றலாமா?

கோண்டாவில் பூந்தோட்டம்:
வீட்டு முற்றத்தில் பூக்கன்று வளர்த்து விற்கிறேன். விவசாயபீடத்தில் படிக்கும் மருமகள் ஒன்று சொன்னாள். வைரஸ் ஏற்றினால் ஊதாப் பெற்றூனியாவில் வெள்ளைத் திட்டுகள் வருமாம், செடியின் மரபணு மாறாதாம். விற்பனைக்குச் சரிவருமா?

உரும்பிராய் மண்:
வேண்டாம் தங்கச்சி. இலைச்சுருள் வைரஸ் நோயால் ஒரு போகம் மிளகாயை அப்படியே பிடுங்கி எரித்தவன் நான். இதற்குப் பெரும்பாலும் எடுப்பது டொபாக்கோ ராட்டில் வைரஸ். பெயரிலேயே புகையிலை இருக்கிறது. உருளைக்கிழங்கையும் பிடிக்கும். நம் தோட்டங்களில் இருப்பதே இவைதானே?

ஆய்வுகூட மாணவி:
அண்ணை, உங்கள் பயம் நியாயம். ஆனால் அந்த வைரஸை மண்ணில் பரப்புவது நூற்புழு என்ற ஒருவகை நுண்ணிய புழு. புழு மூலம் பரவத் தேவையான மரபணுவை வைரஸிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அதைக் கருவியாக்குகிறார்கள். அந்த இடத்தில் பூவின் நிற மரபணுவில் ஒரு துண்டை வைப்பார்கள். வைரஸ் பெருகும்போது செடி அதன் ஆர்.என்.ஏ.யை, அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையை, துண்டுதுண்டாக வெட்டும். அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துத் தன் நிற மரபணுவின் ஆர்.என்.ஏ.யையும் வெட்டிவிடும். நிறமி உருவாகாது, இதழ் வெளுக்கும்.

1990இல் பெற்றூனியாவின் ஊதாவைக் கூட்ட அதே நிற மரபணுவை இன்னொரு தடவை சேர்த்தார்கள். சில பூக்கள் வெள்ளையாக வந்தன! மரபணு அடங்கிப்போவதை இந்தத் துறைக்குக் காட்டிய பூ அது. எந்த மரபணு என்ன செய்கிறது என்று சில வாரங்களில் அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இதை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள்.

உரும்பிராய் மண்:
படிப்புக்கு என்றால் கண்ணாடி வீட்டுக்குள் செய்யுங்கள், மறுக்கவில்லை. சந்தைக்கு வரக்கூடாது என்கிறேன். 1630களில் ஒல்லாந்தில் கோடு விழுந்த துலிப் கிழங்குக்கு வீட்டு விலை கொடுத்தார்கள். கோடு போட்டது வைரஸ் என்று 1928இல்தான் நிரூபித்தார்கள். கிழங்குகள் வரவர மெலிந்தன, பேர்பெற்ற சில இனங்கள் இன்று இல்லை. நூற்புழு பரப்பாது, சரி. வெட்டுக்கத்தி?

ஆய்வுகூட மாணவி:
சாறு பட்டால் பரவலாம், உண்மை. விற்பனைக்கு நானும் வேண்டாம் என்றே சொல்வேன் அக்கா. இந்த நிறம் நிலைக்காது. நாளாக ஆக வைரஸ் அந்தத் துண்டை உதறிவிடும், பழைய ஊதா திரும்பும். ஆய்வுகூடத்தில் 20 பாகை செல்சியஸ் அளவில் வளர்த்துச் செய்வது இது. நம் சித்திரை வெயிலில் அதே பூவை எதிர்பார்க்க முடியாது.

கோண்டாவில் பூந்தோட்டம்:
அப்போ விட்டுவிடுகிறேன். செவ்வந்தித் தண்டு வெட்டுவதும் தக்காளிக் கன்று கிள்ளுவதும் இங்கே ஒரே கத்தரிக்கோலால்தான். அதை எதில் கழுவ வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆய்வுகூட மாணவி:
தண்ணீரில் கலந்த வெளுக்கும் திரவத்தில் ஒவ்வொரு செடிக்கும் இடையில் தோயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.