புதுப்பிப்பு: எச்பி 48ஜிஎக்ஸ் மோடத்தோடு பேசிவிட்டது

எச்பி 48ஜிஎக்ஸ் கால்குலேட்டரைப் பழைய டயல்-அப் மோடத்தில் மாட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? முடிகிறது. கால்குலேட்டரின் சீரியல் கேபிள் கணினியில் செருகவென்றே செய்தது; மோடமும் எதிர்முனையில் கணினியைத்தான் எதிர்பார்க்கும். அதனால் நடுவே நல்-மோடம் அடாப்டர் போட்டு, அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இடம் மாற்ற வேண்டும். அப்புறம் 9 ஊசி (பின்) உள்ள இணைப்பை 25 ஊசி இணைப்பாக்க இன்னோர் அடாப்டர். மேசையில் பார்க்க அசிங்கம்தான்.

தொல்லை கொடுத்தது டிடிஆர் சிக்னல், அதாவது எதிர்முனைக் கருவி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் சிக்னல். கால்குலேட்டரில் அதற்குக் கம்பியே கிடையாது. மோடத்தை முதலில் கணினியில் மாட்டி, அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் கட்டளையான ஏடி&டி0 கொடுத்து, ஃப்ளோ கண்ட்ரோலையும் (தரவு ஓட்டத்தை நிறுத்தித் தொடரும் ஏற்பாடு) அணைத்து, &டபிள்யூ போட்டுச் சேமித்தேன். பிறகு வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், கால்குலேட்டரின் எக்ஸ்மிட் என்ற அனுப்பும் கட்டளை வழியாக, மோடத்தைக் கூப்பிடும் 'ஏடி'யும் கூடவே 13ஆம் எண் எழுத்தும் (என்டர் தட்டுவதற்குச் சமம்) அனுப்பினால், மோடத்திடமிருந்து சரியாக 'ஓகே' வருகிறது.