கதை எழுதப் பயணம் வேண்டுமா? ஓர் ஏற்காட்டுக் கதையை முன்வைத்து

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை, சேலம்)

இருபது ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். எழுத வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, என்ன படிக்க வேண்டும்?" நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். படிப்பது இருக்கட்டும், முதலில் பஸ் ஏறு.

நான் பிறந்தது நெசவாளர் தெருவில். விடிவதற்கு முன் தொடங்கும் தறிச்சத்தம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஓயும். பத்தொன்பது வயதில் ஏற்காட்டில் ஒரு நண்பன் வீட்டில் இரவு தங்கினேன். சேலத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான் தூரம். விடியும் நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் புரிய வெகுநேரம் பிடித்தது. தறிச்சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்தவன், அது இல்லாத இடத்தில்தான் அதைக் கேட்டேன். ஊர் திரும்பி எழுதியது என் முதல் கதை. அதில் மலை வரவில்லை. அப்பாவும், அவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியும்தான் வந்தன.

பிறகு ஒடிசா, அசாம், குஜராத் என்று கையில் காசு சேரும்போதெல்லாம் போனேன். வீட்டில் அதட்டியே பேசிப் பழகியவன் நான். ஒரு தேநீருக்குக்கூடக் கை ஜாடை காட்டிக் கெஞ்ச வேண்டியிருந்த ஊர்களில்தான் பணிவு கற்றேன். அந்தப் பணிவு வந்த பிறகே என் கதைகளில் எதிராளிகளுக்கும் நியாயம் வந்தது.

சென்ற மாதம் இந்தக் குழுவில் நான் பகிர்ந்த ஏற்காட்டுக் கதையும் மூன்று நாள் பயணத்தில் கிடைத்தது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு தாய், கோடை விழாவுக்கு வந்த நகரத்துக் குடும்பத்தோடு தன் மகளை வீட்டு வேலைக்கு அனுப்புகிறாள். இதை அம்மாப்பேட்டையில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. பயணம் போகாதவன் கதாசிரியன் ஆக முடியாது என்று துணிந்து சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மலைமேட்டான் (ஏற்காடு)

மறுக்கிறேன் ஐயா. நீங்கள் வயதில் மூத்தவர், மரியாதை குறையாமல்தான் மறுக்கிறேன்.

கோடை விழா நடப்பது மே மாதத்தில். மே மாதத்தில் எங்கள் மலையில் யாரும் காப்பிப் பழம் பறிப்பதில்லை. பறிக்கப் பழமே இருக்காது. மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை விழும். அது விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் சுண்ணாம்பு தெளித்தது போல இருக்கும், வாசனை ஏறக்குறைய மல்லிகை. மூன்று நான்கு நாளில் பூ வாடி உதிர்ந்துவிடும். மே மாதத்தில் கிளையில் இருப்பது கடுகளவு பிஞ்சு. பழம் சிவக்கக் கார்த்திகை ஆகும். நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் பறிப்பு.

பழம் பறித்துப் பறித்து அந்தத் தாயின் கை சிவந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா முப்பது ஆண்டுகள் பழம் பறித்தவர். சிவந்த கையை நான் பார்த்ததில்லை. பழத்தின் பிசுபிசுப்பு ஏறி, அதில் தூசி ஒட்டி, விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கும். சோறு பிசையும்போது அம்மா அந்த விரல்களை எங்களுக்குத் தெரியாமல் மடக்கிக்கொள்வார்.

தகவல் பிழை என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. பறிப்பு இல்லாத மே மாதம் எங்கள் வீட்டில் கை காசு பார்க்காத மாதம். ஊரெல்லாம் விழாவும் விளக்கும், வீட்டில் கடன். அந்தத் தாய் மகளை அனுப்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? உங்கள் கதையின் உயிர் அங்கே இருந்தது. நீங்கள் அவள் கூடையில் பழத்தைப் போட்டு அதை மூடிவிட்டீர்கள். மூன்று நாளில் இது கண்ணில் படாது. எழுத வருகிற பிள்ளைகளை பஸ் ஏறச் சொல்லாதீர்கள். இருக்கிற இடத்தில் பன்னிரண்டு மாதம் கண் திறந்து உட்காரச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை (சங்ககிரி)

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன். பயணம்தான் எழுத்தாளனை உண்டாக்கும் என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்க வேண்டும். நாங்கள் போகாத மாநிலம் இல்லை. பார்த்தது செக்போஸ்ட், பெட்ரோல் பங்க், டயர் கடை. ஊர்ப்பெயர் எல்லாம் நினைவிருக்கிறது, ஊர் ஒன்றும் நினைவில்லை. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சேலத்து ஆலைகளிலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்கு அடிக்கடி போவேன். நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், வடாம். ஒருமுறை மூட்டை இறக்கிய கடைக்காரர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்று அவர்களுக்கு விரதம். அரிசி, கோதுமை தொடமாட்டார்களாம். ஊறவைத்த ஜவ்வரிசியை உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை சேர்த்து உதிரியாகத் தாளித்துக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டுப் பெரிய அம்மாள் சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் வாய் எடுத்தார்.

ஜவ்வரிசி ஆவது மரவள்ளிக் கிழங்குதான். நான் மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவன். கிழங்கைப் பிடுங்கி, மண் உதறி, வண்டியில் எறிந்த கை இது. நாங்கள் காலால் தள்ளிவிட்டு நடந்த கிழங்கு அங்கே சாமிக்கு முன்னால் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நம் கிழங்கா? நம் கிழங்கையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதை நான் எங்கும் எழுதியதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

தறிச்சத்தம்

அண்ணா, நீங்கள் எழுதிய இந்தப் பத்து வரிக்கு என் பத்துக் கதைகளைக் கொடுக்கலாம். ஆனால் இது என் கட்சிக்குத்தான் சாட்சி. சங்ககிரியிலேயே இருந்திருந்தால் அந்தக் கிழங்கு உங்களுக்குக் கிழங்குதான்.

மலைமேட்டான் தம்பிக்கு: பழம் பற்றிய பிழை என்னுடையது. இரண்டு நாளாக அது என்னை உறுத்துகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாள் போதவில்லை என்பதிலிருந்து பயணமே வீண் என்ற முடிவு எப்படி வரும்?

நூலகவாசி (ஐந்து ரோடு, சேலம்)

பயணம் இல்லாமல் முடியாது என்பது சரித்திரத்துக்கு ஒத்துவராது. எமிலியோ சல்காரி என்ற இத்தாலியர் (1862–1911) மலாய்க் கடற்கொள்ளையரையும் நம் நாட்டுக் காடுகளையும் வைத்துச் சாகச நாவல்களாக எழுதித் தள்ளினார். இத்தாலியை ஒட்டிய ஏட்ரியாடிக் கடலைத் தாண்டி அவர் போனதே இல்லை. எல்லாம் புத்தகமும் வரைபடமும் பார்த்து எழுதியவை. இத்தாலியச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் படித்தார்கள்.

மலைமேட்டான்

ஐயா, என் பக்கம் பேசுவதாக நினைத்து இதைச் சொல்கிறீர்கள். எனக்கு இந்தத் துணை வேண்டாம். சல்காரியின் மலாயாவை ஒரு மலாய்க்காரர் படித்தால் என்ன நினைப்பார் என்பதுதான் என் கேள்வி முழுவதும். அவருக்கும் கடற்கரையில் பழம் தவறான மாதத்தில் பழுத்திருக்கும்.

தறிச்சத்தம்

சல்காரிக்குப் பதிலாக நான் நாவலாசிரியர் ப. சிங்காரத்தைச் சொல்கிறேன். 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனவர், போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலையில் உட்கார்ந்தார். தென்கிழக்கு ஆசியாவின் போர்க்காலம் தமிழ் நாவலுக்குள் அந்த வீச்சோடு வந்தது அவர் கப்பல் ஏறியதால்தான்.

இன்னும் பின்னால் போகிறேன். சங்க இலக்கியத்தில் மலைபடுகடாம் 583 அடிகள். பரிசு பெற்றவர் எதிரே வரும் கூத்தருக்கு மலை வழியைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எங்கே கால் வழுக்கும் என்று அடிக்கு அடி எச்சரிக்கை. அந்த மலையில் நடந்து, கல்லுக்குத் தலை குனிந்தவனின் பேச்சு அது. நம் மொழியில் ஆற்றுப்படை என்று ஒரு வகையே இருக்கிறது, வழி நடந்தவன் வாயால் சொல்லும் வகை.

உங்கள் மலையின் முதல் கதையே பயணக் கதை அல்லவா தம்பி? காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு, மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் வந்ததாகத்தானே உங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள்? காப்பியும் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து ஊன்றியது. வெளியிலிருந்து வந்த செடியின் பூவைத்தான் நீங்கள் இவ்வளவு அழகாக எழுதினீர்கள்.

மலைமேட்டான்

சிங்காரம் பிழைக்கப் போனார். கடையில் வேலை பார்த்தார், போருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் போன வருடத்தையும் திரும்பிய வருடத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இடையில் எட்டு ஆண்டுகள். அவரை மூன்று நாள் விடுதி எடுத்தவரோடு ஒரே வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

மூன்று அண்ணன் தம்பி கதையில் யாரும் காஞ்சிக்குத் திரும்பிப் போகவில்லை. மலை ஏறினார்கள், பெண் எடுத்தார்கள், காடு திருத்தினார்கள், செத்தும் இங்கேயே புதைந்தார்கள். எங்கள் தாத்தா அதைப் பயணம் என்று சொன்னதில்லை. "வந்து சேர்ந்தோம்" என்றுதான் சொல்வார். காப்பிச் செடியும் அப்படித்தான், வேர் விட்ட பிறகுதான் பூத்தது.

கொலுசுமணி (சிவதாபுரம், சேலம்)

நீங்கள் இருவரும் பேசுவதை நான்கு நாளாகப் படிக்கிறேன். உங்கள் இருவருக்கும் ஒன்று பொது. போக நினைத்தால் போகலாம், இருக்க நினைத்தால் இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

எங்கள் வீட்டிலேயே வெள்ளிப் பட்டறை. கொலுசுக்குக் கண்ணி கோப்பது என் வேலை. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது சேர்வராயன் மலை எதிரில் நிற்கும். அந்த மலைக்குக் குடும்பத்தோடு மூன்று முறை போயிருக்கிறேன். புளிச்சோறு கட்டி, தண்ணீர் தூக்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு. ஏரியை நான் சரியாகப் பார்த்ததாக நினைவில்லை.

நாற்பத்தொரு வயதில் ஒரு வியாழக்கிழமை தனியாகப் போனேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத விருப்பமில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "எத்தனை?" என்று கேட்டார். பழக்கத்தில் "நான்கு" என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். "இல்லை, ஒன்று" என்றேன். அந்த டிக்கெட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலே ஐந்து மணி நேரம் இருந்தேன். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை நானே முழுவதும் சாப்பிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

அதற்கு முன்பு நான் எழுதிய கதைகளில் பெண்கள் எல்லாரும் அடுப்படியில் அழுவார்கள், அதோடு கதை முடியும். அதற்குப் பிறகு எழுதியவள் கதவைத் திறந்து வாசலுக்கு வந்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள். அடுத்து எங்கே போவாள் என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு வருடமாக அந்தக் கதை அங்கேயே நிற்கிறது.

மலைமேட்டான் தம்பி, காப்பி எப்போது பூக்கும் என்று எனக்கு இன்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஐந்து மணி நேரத்தில் உங்கள் மலையைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை. அப்படியானால் நான் போனது பயணம் இல்லையா?

நெடுஞ்சாலை

அம்மா, இருபத்தாறு வருடத்தில் நான் போகாத பயணம் அது.

மலைமேட்டான்

அக்கா, பயணம்தான். இரவெல்லாம் உங்கள் பதிவை நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் மலையில் உட்கார்ந்து உங்களைப் பற்றி எழுதினீர்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அந்தப் பெஞ்சை இனி நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன். ஐயாவின் தறிக்கதையும் அப்படியே. எங்களைப் பற்றி எழுத வருபவரோடுதான் என் வழக்கு.

தறிச்சத்தம்

இங்கேதான் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை தம்பி. அவரவர் தம்மைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்றால் எனக்குக் கதை எதற்கு, நாட்குறிப்பு போதும். இன்னொருவர் வீட்டுத் துக்கம் என் தூக்கத்தைக் கெடுத்தது, அதனால்தான் அந்தத் தாயை எழுதினேன். தவறாக எழுதினேன். அவளை எழுதியதே தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கதையில் மே மாதத்தை மாற்றப்போவதில்லை. பழத்தை எடுத்துவிடுகிறேன். கூடை காலியாகச் சுவரில் தொங்கட்டும். கை கறுத்திருக்குமா என்று மட்டும் சொல். பறிப்பு முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்குமே.

மலைமேட்டான்

மே மாதத்தில் விரல் வெளுத்திருக்கும். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் கறுப்பு நிற்கும், அது போகாது.

அவளை எழுதியதே தவறு என்று நான் சொல்லவில்லை ஐயா, எழுதியதை அவளிடம் காட்டாமல் வெளியிட்டதைச் சொல்கிறேன். டிசம்பரில் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும், பனி இறங்கும், கம்பளி எடுத்து வாருங்கள். பறிக்கப் பழகவே இரண்டு நாள் ஆகும். எங்கள் வீட்டிலேயே தங்கலாம். மாற்றி எழுதிய கதையை மறக்காமல் கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும்.

கொலுசுமணி அக்காவும் வரலாம். வியாழக்கிழமை என்றாலும் சரிதான்.