ராமநாதபுரம் கடற்கரை: தனுஷ்கோடி போட்டோ தவிர பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

மதுரைவாசி:
டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அம்மாவுக்கு ராமேஸ்வரம் கோயில், அது உறுதி. பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் படகு, பறவை, பழைய இடிபாடு என்றால் உயிர். எங்கே போகலாம்?

தொண்டிக்காரன்:
அண்ணே, காரங்காட்டை விட்டுவிடாதீர்கள். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகும் உண்டு. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மரம் அந்த வேர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காற்று மழை என்றால் படகு கிடையாது, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தீவுக்காரி:
தனுஷ்கோடியிலும் இருக்கிறது, பார்ப்பதில்தான் விஷயம். எல்லாரும் நேரே சாலை முடிகிற அரிச்சல்முனைக்கு ஓடுகிறார்கள், பழைய ஊர் வழியிலேயே நிற்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் ஏறி இலங்கையிலுள்ள தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரே போய்விட்டது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோனது. சர்ச் சுவரும் இன்னும் சில இடிபாடுகளும்தான் மிச்சம். சர்ச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், எல்லாம் பவளக்கல், ஓட்டை ஓட்டையாக. நீங்கள் வருவதும் அதே மாதம், சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன, அதை மனதில் வைத்துச் சத்தம் போடாமல் சுற்றுங்கள். ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் இழுப்பு அதிகம், யாரையும் இறங்க விடாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

மண்டபம்75:
பாம்பன் குந்துகாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து கரையேறிய இடம், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். எதிரே தெரிவது குருசடைத் தீவு. தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள், 1986-லிருந்து தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மதுரைவாசி:
ரொம்ப நன்றி. சின்னவளுக்குப் பத்து வயசு, கயாக்கில் ஏற்றலாமா?

தொண்டிக்காரன்:
தனியாக வேண்டாம் அண்ணே, பெரிய படகிலேயே கூட்டிப்போங்கள். லைஃப் ஜாக்கெட் அவளுக்குச் சரியாக இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பார்த்துக் கட்டிவிடுங்கள்.