ஒகேனக்கல் போய் வந்ததைக் காகிதத்தில் ஒட்டிப் படமாக்குவது எப்படி?

கேள்வி (தருமபுரி):
போன மாதம் பிள்ளைகளோடு பரிசலில் போனோம், அதை வண்ணத் தாள்களால் படமாக்கலாம் என்று உட்கார்ந்தால் ஏழு வயது மகள் "நீயே வெட்டிக் கொடும்மா" என்கிறாள், ஐந்து வயதுப் பையன் ஒட்டிய இடமெல்லாம் பசையில் ஊறிச் சுருங்கிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள் அக்கா. பத்திரிகையின் வண்ணப் பக்கத்தைக் கையால் கிழித்தால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், அருவி நுரைக்கு அதைவிட நல்லது கிடைக்காது. அப்புறம் "பரிசலைச் செய்" என்று சொல்லாமல் "பரிசல் சுற்றும்போது எதைப் பிடித்துக்கொண்டாய்?" என்று கேளுங்கள். என் மகன் "அப்பா சட்டை" என்றான், படத்தில் பரிசலைவிடச் சட்டை பெரிது! அப்படியே விட்டுவிட்டேன்.

பதில் 2 (கிருஷ்ணகிரி):
பசையில் தண்ணீர் அதிகம். மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மெல்லிசாகத் தடவுங்கள். பசை கெடாமலிருக்கச் சிலர் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடவே வேண்டாம், விஷம். பாதி காய்ந்ததும் மேலே ஒரு வெற்றுத்தாள் வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பழைய புகைப்படம் ஒட்டுவதானால் ஜெராக்ஸ் போதும். 1912இல் ஓவியர் பிக்காசோவே செய்தித்தாளைத்தான் ஒட்டினார், விலையுயர்ந்த தாள் தேட வேண்டாம்.

கேட்டவர்:
சரி, அங்கே எது நினைவிருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். "மீன் வறுத்த வாசனை" என்றாள். அதற்கென்று மளிகைக்கடை பழுப்புக் கவரைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.