ஈறு நோய் மறதி நோயைக் கொண்டுவருமா?

தமிழ்க்குமரன்: எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் "இரவு பல் துலக்காதவர்களுக்கு அல்சைமர் நிச்சயம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. சர்க்கரை நோய் உள்ள சித்தி பயந்துபோயிருக்கிறார். எவ்வளவு உண்மை?

ஈறுநலம்: "நிச்சயம்" என்பது கட்டுக்கதை. தொடர்பு இருப்பது கதையல்ல. ஈறு நோயை முற்றவைக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவின் ஜிஞ்சிபெய்ன் நொதிகள், இறந்துபோன அல்சைமர் நோயாளிகளின் மூளையில் கிடைத்தன. 2019இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. அதே ஆய்வில், எலிகளின் வாயில் அந்தக் கிருமியைச் செலுத்தியபோது அது மூளை வரை போனது, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதமும் கூடியது.

ஐயன்: அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது கார்டெக்ஸைம் என்ற மருந்து நிறுவனம். அதையும் சொல்லுங்க சார். ஜிஞ்சிபெய்னை முடக்கும் அவர்களுடைய மாத்திரையை 643 பேரிடம் சோதித்தார்கள், 48 வாரம். 2021 அக்டோபரில் முடிவு வந்தது: நினைவாற்றலிலும் சரி, அன்றாட வேலைகளிலும் சரி, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேலாக இல்லை. கல்லீரல் பாதிப்பைக் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மருந்தின் சோதனைகளுக்குத் தடை போட்டது. இன்னொன்று, மறதி நோய் இல்லாதவர்களின் மூளையிலும் அந்த நொதி குறைந்த அளவில் இருந்தது. கேட்டால், அது நோயின் ஆரம்பக் கட்டமாம்! இருந்தாலும் சான்று, இல்லாவிட்டாலும் சான்று என்றால் எப்படி வாதாடுவது?

ஈறுநலம்: ஏற்கெனவே மறதி வந்தவர்களிடம்தானே சோதித்தார்கள்? வீடு எரிந்த பிறகு தீக்குச்சியைப் பிடுங்கினால் ஆச்சா? அப்புறம், கிருமி மூளைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. ஈறு அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் சிஆர்பி போன்ற அழற்சிக் குறியீடுகள் ரத்தத்தில் உயர்கின்றன. தைவானில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பத்து ஆண்டுகள் ஈறு நோய் இருந்தவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு, அது இல்லாதவர்களைப்போல் சுமார் 1.7 மடங்கு.

ஐயன்: அழற்சிதான் காரணம் என்றால் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை காப்பாற்றியிருக்கணுமே! அப்படிப்பட்ட நாப்ரோக்சென், செலிகாக்சிப் இரண்டையும் வயதானவர்களிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். இதய ஆபத்துக் கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரைகளை நிறுத்தினார்கள். மறதியைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. புகை, வறுமை, சர்க்கரை மூன்றும் ஈற்றையும் கெடுக்கும், மூளையையும் கெடுக்கும். தைவான் எண்ணில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று யார் முழுதாகப் பிரித்தது?

மீனா_திருச்சி: நான் அனுபவத்தில் பார்த்தது நேர் எதிர். மாமியாருக்கு மறதி என்று டாக்டர் சொல்வதற்கு வெகு நாள் முன்பே பல் துலக்குவதை விட்டுவிட்டார். சோம்பல் என்று நினைத்தோம். பிறகுதான் ஈறெல்லாம் ரத்தம்.

ஐயன்: அதேதான் அக்கா. மூளையில் மாற்றம் தொடங்குவது அறிகுறிக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பு. பத்து ஆண்டுக் கணக்கை வைத்து எது முதலில் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஈறுநலம்: சரி, அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் குமரன், சித்தி பல் மருத்துவரிடம் போகட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை அளவு) சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2022 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்ட 14 டிமென்ஷியா (மறதி நோய்) காரணிகளில் சர்க்கரை நோய் இருக்கிறது.

ஐயன்: இருக்கிறது. ஈறு நோய் இல்லை.