சப்ஸ்டிடியூஷன் நோட்டு: உங்க ஸ்டாஃப் ரூம்ல எப்படி?

கணக்கு டீச்சர், அரசுப் பள்ளி, விளவங்கோடு தாலுகா:

எங்க ஸ்கூல்ல யாருக்கு யாரை ஆகாதுன்னு தெரிஞ்சுக்க ஸ்டாஃப் ரூம்ல காதைத் தீட்டிட்டு உக்கார வேண்டாம். சப்ஸ்டிடியூஷன் நோட்டைப் புரட்டினா போதும். ப்ரேயர் முடிஞ்சதும் பியூன் அண்ணன் கொண்டு வருவாரு. இன்னைக்கு யார் லீவு, அவங்க பீரியடு யாருக்குன்னு எழுதியிருக்கும், பக்கத்துல கையெழுத்துப் போடணும். ஒரு டீச்சர் நோட்டைக் கண்டதுமே மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பிச்சிருவாங்க. பியூன் அண்ணன் வாசல் தாண்டுற வரைக்கும் அது கிடைக்காது.

கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க பக்கம் மலையாள வழிப் பிரிவும் உண்டு. அங்க பிள்ளைய குறைஞ்சுட்டே வருது. அந்தப் பிரிவு டீச்சர் ஒருத்தர், டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதி வேலைக்கு வந்தவங்க, வயசுல எல்லாருக்கும் இளையவங்க. நோட்டு எழுதுற சீனியர் சார் யார் லீவு போட்டாலும் அவங்க பேரைத்தான் எழுதுவாரு. கேட்டா, "உங்களுக்கு வகுப்புல பத்துப் பிள்ளைகூட இல்லியே டீச்சர், என்ன கஷ்டம்?" வருசா வருசம் ஆகஸ்ட் 1-ம் தேதி பிள்ளைய எண்ணிக்கையை வச்சுத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்குப் பண்ணுவாங்க. உபரின்னு வந்தா வேற ஊருக்குப் போகணும். அந்தப் பயத்துல இருக்கிறவங்ககிட்ட இதைச் சொன்னா எப்படி இருக்கும்?

ஒரு மாசக் கடைசியில அவங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, முந்தின பக்கங்கள்ல தன் பேரு வந்த இடத்தை எல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டுட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. "நேத்து வந்த பிள்ளைக்கு இவ்வளவு அகங்காரமா"ன்னு கொஞ்ச நாள் ஸ்டாஃப் ரூம் முழுக்க அதே பேச்சு. ஓணத்துக்கு அவங்க கொண்டு வந்த அடைப் பிரதமனை மட்டும் ஒருத்தரும் மிச்சம் வைக்கல. மேல நடந்ததைப் பிறகு சொல்லுகேன், மத்தவங்களும் எழுதுங்க.

பகுதி நேர ஓவிய ஆசிரியர், தோவாளை தாலுகா:

டீச்சர், அந்த நோட்டுல எங்க பேரு இருக்கவே இருக்காது. எழுதாமலே அனுப்புவாங்க. 2012-ல 5000 ரூபாய் தொகுப்பூதியத்துல சேர்ந்த ஆளு நான். அப்புறம் 10,000, 12,500-னு ஏறிச்சு. வாரத்துக்கு மூணு அரை நாள்னு ஆர்டர். "தம்பி, சும்மாதான இருக்கிய, எட்டு பி-யில கொஞ்சம் உக்காருங்க"ன்னா அரை நாளு முழு நாளாயிரும்.

எனக்க பீரியடை பரீட்சை நெருங்குறப்ப அறிவியல் டீச்சர் கடன் கேப்பாங்க. அந்தக் கடன் திரும்பின சரித்திரம் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல எனக்குன்னு மேசையும் கிடையாது. யார் லீவோ அவங்க நாற்காலியில உக்காருவேன். அதனால எந்த ஸ்டாஃப் லீவுன்னு ஹெச்.எம்.முக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்!

இன்னொண்ணையும் சொல்லணும். மே மாசம் சம்பளம் கிடையாதுன்னே எங்களுக்குப் பல வருசம் ஓடிச்சு. பி.இ.டி. சார் ஒருத்தர் அவரு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அலங்கார வளைவு, போர்டு எழுதுற வேலையெல்லாம் எனக்கு வாங்கித் தருவாரு. ஸ்கூல்ல என்கிட்ட அதிகம் பேசவே மாட்டாரு. ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப இனிப்பாப் பேசுறவங்களை நான் அவ்வளவா நம்புறது இல்ல, அதுக்கு இவரும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற உதவித் தலைமை ஆசிரியர், நாகர்கோவில்:

அந்த நோட்டை எழுதித் திட்டு வாங்கிய கட்சி நான். அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைக்குக் குறைவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை, தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1. பிறகு மழை விடுமுறை வேறு. இதற்கெல்லாம் ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைகளில்தான் எல்லோருக்கும் கல்யாண விளியும் வீடு பால்காய்ச்சும் வரும். வருடத்துக்கு 12 தற்செயல் விடுப்பு. அதைச் சனிக்கிழமைக்கென்றே பொத்தி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். "திருவிழா உங்களுக்கு, சனிக்கிழமை எங்களுக்கா?" என்று ஒருவர் கேட்டார். மதத்தை இழுத்துவிட்டாரே என்று நான் பதறினேன். கேட்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே, "கொடைக்கு நீங்க வீட்டுல தூங்கினீங்களே, அதுக்கு யாரு கணக்கு?" என்றார். அத்தோடு முடிந்தது. எல்லா ஊரிலும் இப்படி முடியும் என்று நினைக்கவில்லை.

முடியாதது 2019. பழைய ஓய்வூதியம் கேட்டு ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஜனவரி 22-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 30-ல் முடிந்தது, எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஏப்ரல் வரை நடந்தது. பள்ளிக்கு வந்தவர்கள், "உங்கள் வகுப்பையும் நாங்கள்தானே பார்த்தோம்" என்றார்கள். வெளியே நின்றவர்கள், "கிடைச்சா உங்களுக்கும் சேர்த்துத்தானே கிடைக்கும்" என்றார்கள். இரண்டுமே நியாயம்தான். இவர் லீவுக்கு அவர் பெயரை எழுதினால் நோட்டு கையெழுத்தில்லாமல் திரும்பி வரும். நடுவில் ஒரு டீச்சரின் அம்மா தவறிவிட்டார்கள். எல்லோருமாக ஒரே வேனில் போனோம். வேனிலும் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். அந்த வருடம் முழுக்க யார் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துத்தான் பெயர் எழுதினேன்; அதற்கும் பாரபட்சம் என்று பெயர் வாங்கினேன்.

மெட்ரிக் பள்ளி டீச்சர், தக்கலை:

உங்களுக்கு நோட்டாவது இருக்கு, வட்டம் போடலாம். எங்களுக்கு வாட்ஸ்அப்ல வரும், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டணும். முணுமுணுத்தா சாயங்காலத்துக்குள்ள கரஸ்பாண்டன்ட் காதுக்குப் போயிரும். அதனால எங்க ஸ்டாஃப் ரூம்ல சண்டையே கிடையாது. பேச்சும் கிடையாது. பேசணும்னா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான்.

கணக்கு டீச்சர், விளவங்கோடு தாலுகா:

மிச்சக் கதை. 2025 செப்டம்பர் 1-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துதுல்லா, ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல சர்வீஸ் இருக்கிறவங்க ரெண்டு வருசத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு. அன்னைக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு சத்தம் இல்ல. பாடம் எல்லாம் சீனியர்களுக்குக் கரதலப் பாடம்தான். 150 மார்க்குல 30 மார்க்கு குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், பியாஜே, வைகாட்ஸ்கின்னு வரும். பி.எட். படிச்சதோட அதை எல்லாரும் மறந்தாச்சு.

எங்க ஸ்டாஃப் ரூம்ல அதைப் புதுசாப் படிச்சு பாஸ் ஆன ஆளு அந்த மலையாள வழி டீச்சர் மட்டும்தான். இப்போ மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் சீனியர் சார் கோடு போட்ட நோட்டோட அவங்க மேசைக்குப் போயிருவாரு. டீச்சரும் மூஞ்சியைக் காட்டாம சொல்லிக் கொடுப்பாங்க. சார் வீட்டுப்பாடம் எழுதாம வந்தா மட்டும் சிவப்புப் பேனாவை எடுப்பாங்க.

சப்ஸ்டிடியூஷன் நோட்டுல அவங்க பேரு இப்போ அபூர்வமாத்தான் வருது. அந்தப் பீரியடெல்லாம் எனக்கு வந்து விழுது.